கூட்டத்தின் கடைசியில் தாயம்மா

எங்கள் இசைக்குழுவில் ஐந்து பேர். நான்கு பேர் மேடையில். ஐந்தாவது ஆள் தாயம்மா, கூட்டத்தின் கடைசி வரிசையையும் தாண்டி நிற்பார். டிரம்ஸ் வாசிக்கும் உமாபதியின் அக்காள். காலையில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுவார், மாலையில் எங்களோடு வேனில் ஏறிவிடுவார். பாடத் தெரியாது, எதையும் வாசிக்கத் தெரியாது. கையில் ஒரு வெள்ளைத் துண்டு. அதை உயர்த்தினால் பாட்டு கேட்கவில்லை, வாத்தியத்தைக் குறை என்று அர்த்தம்.

கித்தார்காரனான எனக்கு அந்தத் துண்டைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ரவாங் டவுனில் ஒரு ஃபேக்டரியில் ஓவர்டைம் பார்த்து வாங்கிய கித்தார் ஐயா அது! குறைத்து வைக்கவா வாங்கினேன்? நான் கூட்டினால் ஆர்கன் வாசிக்கும் பாலனும் கூட்டுவான். எங்களை மிஞ்ச உமாபதி அடித்து நொறுக்குவான். நடுவில் பாடகி சந்திரிகா வாயை அசைத்துக்கொண்டு நிற்பாள், பாவம்.

"கடைசியில நிக்கிறவனும் மனுசந்தானே தம்பி? அவனுக்கும் பாட்டு கேக்கணும்ல?" என்பார் தாயம்மா.

"உங்களுக்குக் காது மந்தம்லா, அக்கா!"

என் கேலிக்கு அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. அடுத்த கச்சேரியிலும் துண்டோடு அங்கேயே நிற்பார்.

எண்பத்தைந்தில் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழா. சந்திரிகாவின் அப்பா முருகையா கறாராகச் சொல்லிவிட்டார்: "மூணு வருசமா பாடப் போறா. ஒம் மக நல்லா பாடுனான்னு ஒருத்தன் சொல்லல. இன்னிக்கு நானே வந்து கேக்குறேன். சரியில்லன்னா இதோட நிப்பாட்டிடணும்."

"அண்ணே, இன்னிக்கு மட்டும் கொஞ்சம் கொறச்சுக்குங்கண்ணே," என்றாள் சந்திரிகா. கண் கலங்கியிருந்தது.

"சரிலா, கவலப்படாத," என்றேன். மேடையில் ஏறிக் கூட்டத்தைப் பார்த்ததும் புத்தி போய்விட்டது. முதல் பாட்டிலேயே சத்தத்தைக் கூட்டினேன். மற்ற இருவரும் விடுவார்களா?

முருகையா கடைசியில், தாயம்மா பக்கத்தில் நின்றிருந்தார். துண்டு உயர்ந்தது. நான் பார்க்காததுபோல் வானத்தைப் பார்த்தேன். இரண்டாவது பாட்டு பல்லவி முடிவதற்குள் முருகையா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார். சந்திரிகா அதைப் பார்த்துக்கொண்டேதான் பாடினாள்.

தாயம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு விறுவிறுவென்று வந்தார். மேடையேறி என் கித்தார் ஒயரைப் பிடுங்கினார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஒரு விசில் வேறு!

"என்னாக்கா இது!"

"சும்மா நில்லுடா."

அதுவரை அவர் என்னை 'டா' போட்டதில்லை. பாலனும் உமாபதியும் பயந்து தாங்களாகவே அடக்கி வாசித்தார்கள். சந்திரிகா சரணத்தை எடுத்தாள். சிரித்த கூட்டம் அடங்கியது. தூரத்தில் முருகையா நின்றார், திரும்பினார், நின்ற இடத்திலேயே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

மூன்று வருஷமாக அவளுக்குப் பக்கத்தில் நின்று வாசித்திருக்கிறேன். அவள் பாடி அன்றுதான் கேட்டேன். அம்மாடி, என்ன குரல்! வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது. ஒயர் தாயம்மா கையிலேயே இருந்தது. திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.