கைக்குட்டை செருகிய கிட்டார்

என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், சுவருக்குப் பெயின்ட் அடிப்பவர். வேலையிடத்தில் அவருக்குப் பெயர் 'செகண்ட் கோட்'. திட்டு தெரிகிறது, கோடு விழுந்திருக்கிறது என்று வீட்டுக்காரர் எதைக் காட்டினாலும், ஏணியிலிருந்து இறங்காமலே "செகண்ட் கோட்ல சரியாயிடும்" என்பார். முக்கால்வாசி நேரம் சரியாகியும்விடும். அதனால் அவருக்குத் தன் கைமேல் அபார நம்பிக்கை. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

நாற்பத்து மூன்று வயதில் அவருக்குக் கிட்டார் கிறுக்கு பிடித்தது. பெயின்ட் அடிக்கப் போன வீட்டில், காலி செய்தவர்கள் பரண்மேல் ஒன்றை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றார் வீட்டுக்காரர். இடது கை விரல்களை எங்கெங்கே வைத்து அழுத்த வேண்டும் என்பதை வீடியோ பார்த்து ஓரளவு கற்றுக்கொண்டார். ஆனால் அவர் கண்ணெல்லாம் வலது கைமேல்தான். கம்பிகளை மேலும் கீழும் தட்டி வாசிக்கிற அந்த ஸ்ட்ரம்மிங்கில் வேகம் வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும் என்பது அவர் கட்சி.

அவர் வீட்டம்மா காதைப் பொத்திக்கொண்டார். மாடிவீட்டுக்காரர் மேலேயிருந்து தரையைத் தட்டினார். மச்சான் ஒரு கைக்குட்டையை நாலாக மடித்துக் கம்பிகளுக்கு அடியில் செருகினார். நாதம் செத்து, வெறும் 'சக் சக்' மட்டும் மிஞ்சியது. அப்படியே நாலு மாதம், தினம் வேலை முடிந்து வந்து அரை மணி நேரம். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டே வாசித்துவிட்டு எனக்குப் போன் போடுவார். இன்றைக்கு நிமிஷத்துக்கு இருநூறு தட்டு என்பார். நான் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், பறக்கிறீங்க மச்சான் என்பேன்.

துணி செருகிய கம்பியில் நல்ல தட்டும் கெட்ட தட்டும் ஒரே மாதிரிதான் கேட்கும் என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

என் மனைவி ஒரு மருந்துக் கிடங்கில் பார்சல் பிரிவில் இருக்கிறாள். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டும்போதும் பாடுவாள், வெங்காயம் உரிக்கும்போதும் பாடுவாள். கிடங்கின் ஆண்டு விழாவில் அவளை மேடையில் பாடச் சொன்னார்கள். பத்து நாள் அவள் கால் தரையில் பாவவில்லை. வேறு யாரையும் யோசிக்காமல் அண்ணனைத்தான் கிட்டாருக்குக் கூப்பிட்டாள். எங்கள் வீட்டில் ஒரே ஒரு தடவை ஒத்திகை பார்த்தார்கள். பக்கத்து வீட்டில் குழந்தை தூங்குகிறது என்று அன்றைக்கும் அவர் கைக்குட்டையை எடுக்கவில்லை.

மேடையில்தான் எடுத்தார். நான் இரண்டாவது வரிசையில் செல்போனை உயர்த்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பாட்டு நன்றாகத்தான் தொடங்கியது. இரண்டாவது அடியில் கிட்டார் விறுவிறுவென்று கிளம்பியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள். எட்டிப் பிடித்தாள், மறுபடி விட்டாள். ஒரு வார்த்தையை முழுங்கினாள், அடுத்த வரியில் குரல் கிறீச்சிட்டது. யாரோ சிரித்தார்கள், அதைக் கேட்டு ஒரு வரிசையே சிரித்தது. மச்சான் கம்பிமேல் உள்ளங்கையை வைத்து நிறுத்தினார். முன்னால் மைக் இருந்ததை மறந்தாரோ, மறக்கவில்லையோ, எனக்கு இன்றுவரை தெரியாது.

"தாளத்துல நில்லும்மா" என்றார்.

கூடம் முழுக்கக் கேட்டது. அவள் அரைகுறையாகச் சிரித்து, மன்னிக்கணும் என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். திரும்பி வரும்போது ஆட்டோவில் மச்சான் ஓயாமல் பேசினார். அவர் நூல் பிடித்த மாதிரி நேராகத்தான் போனாராம், இவள்தான் தடுமாறினாளாம், முதல் மேடை என்றால் அப்படித்தானாம். அவள் ஆமாம் ஆமாம் என்றாள். எனக்குத் தாளம் வராது போல அண்ணா என்றாள். அன்றோடு பாட்டு நின்றது. வெங்காயம் வெறுமனே உரிபட்டது.

இனி என் லட்சணத்தைச் சொல்ல வேண்டும். மறுநாள் காலை வேலைக்குப் போகிற பஸ்ஸில் அந்த வீடியோவைப் பார்த்தேன். முழங்காலில் விரலால் தட்டிக்கொண்டே பார்த்தேன். முதல் அடியில் இருந்த தாளத்திலேயே அவள் நிற்கப் பார்க்கிறாள், அவர்தான் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறார். பாட்டு தெரியாத எனக்கே பளிச்சென்று தெரிந்தது. சொல்லியிருக்கலாம். மச்சான் மனசு கோணிவிடும், அண்ணன் தங்கைக்குள் நாம் ஏன் மூக்கை நுழைக்க வேண்டும் என்று எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டினேன். சத்தமில்லாத சமையலறையில் எட்டு மாதம் மூன்று வேளையும் சாப்பிட்டேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மச்சானுக்கு வேகம் மட்டும் இன்னும் போதவில்லை. ஒரு கிட்டார் வகுப்பில் சேர்ந்தார். டீச்சருக்கு இருபத்திரண்டு வயசு, இவரை 'சார்' என்பாள். நீங்கள் முன்னே வாசித்தது ஏதாவது இருந்தால் கொண்டுவாருங்கள் என்று கேட்டிருக்கிறாள். மச்சான் என்னிடம் ஆண்டு விழா வீடியோவைக் கேட்டார். அழிந்துவிட்டது என்று புளுகினேன். தேடிப் பாருங்க மாப்ளே, தேடிப் பாருங்க என்று மூன்று நாள் விடவில்லை. அனுப்பினேன்.

அதைப் பார்த்துவிட்டு டீச்சர், சார் என்ன வேலை என்று கேட்டாளாம். சொன்னார். கையில் பிரஷ் இருப்பதாக நினைத்துச் சுவரில் அடித்துக் காட்டச் சொன்னாள். காட்டினார். மணிக்கட்டு எவ்வளவு லேசாக ஆடுகிறது, இதை எங்கே கழற்றி வைத்துவிட்டுக் கிட்டாரை எடுக்கிறீர்கள் என்றாளாம். வீடியோவில் முழங்கை வரை விறைத்திருந்தது, விரல்கள் கம்பியைத் தட்டுகிற பிளாஸ்டிக் வில்லையை நெரித்தன. கை மேலே வரும்போது பாதித் தட்டுகள் கம்பியில் படவே இல்லை. விட்டுப்போன தட்டுகளின் நேரத்தை விழுங்கி அடுத்த தட்டு முன்னால் வந்து விழுந்துகொண்டிருந்தது. கடைசியில் அவள் கேட்டதை மச்சான் அப்படியே எங்களிடம் சொன்னார்: "பாடுறவங்க சரியாத்தானே பாடுறாங்க சார். அவங்கள ஏன் இப்படித் துரத்துறீங்க?"

அன்று சாயங்காலமே கிட்டாரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். சட்டையில் வெள்ளைப் பெயின்ட் காய்ந்திருந்தது. தண்ணீர்கூடக் கேட்காமல் சமையலறை வாசலில் நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"பாப்பா, அன்னைக்கு ஓடினது நீ இல்ல. நான்தான்" என்றார். "மைக்ல வேற சொன்னேனே."

செல்போனை நீட்டினார். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். முதலில் ஒருமுறை சும்மா பார்த்தாள். இரண்டாம் முறை உதட்டை அசைத்துக்கொண்டே பார்த்தாள். மச்சான் தலையைத் தூக்கவில்லை. அவள் அவர் சட்டையில் ஒட்டியிருந்த பெயின்ட்டை நகத்தால் சுரண்டி எடுத்தாள், சின்ன வயசில் செய்திருப்பாள் போல. சரி விடுண்ணா என்றாள்.

பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"இது நீங்க எடுத்ததுதானே?"

"ஆமா."

"எப்போ பாத்தீங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "மறுநாள் காலையிலயே" என்றேன். சொன்னது மச்சான் காதிலும் விழுந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, அதுதான் தாங்கவில்லை.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. அண்ணனிடம், மெதுவாகவே ஆரம்பி, வேகம் வேண்டாம் என்றாள். அவர் தரையில் உட்கார்ந்து கைக்குட்டையை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"நீங்க கொஞ்சம் வெளியில இருங்க" என்றாள் என்னிடம்.

வெளியே வந்தேன். அவளே கதவைச் சாத்தினாள். நான் மாடிப்படியில் உட்கார்ந்தேன். எட்டு மாதம் கழித்து அவள் குரல் கதவுக்கு அந்தப்பக்கம் கேட்டது. முழங்காலில் விரலால் தட்டிப் பார்த்தேன். இரண்டு பேரும் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.