அண்ணிக்கு முன்பே வந்த டிங்கி

எனக்கு டிங்கி என்னும் டெங்குக் காய்ச்சல் கண்டபோது, கிள்ளானில் அண்ணன் வீட்டில் எல்லோரும் கூடி ஒரு முடிவெடுத்தார்கள். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் தனியாகக் கிடக்கும் என்னைப் பார்த்துக்கொள்ள அண்ணிதான் போக வேண்டும். அவருக்கு டிங்கி ஏற்கெனவே வந்து போயிருந்தது. அம்மை போட்டவர் பக்கத்தில் முன்பே அம்மை கண்டு தேறியவரைத்தானே உட்கார வைப்போம்? எங்கள் குடும்பத்தில் எல்லாக் காய்ச்சலுக்கும் அதுவே சட்டம்.

"அவளுக்கு இனிமே வராதுலா, பயப்படாத," என்றார் அண்ணன் போனில்.

"சரிண்ணே," என்றேன். இடைநிலைப்பள்ளியில் இத்தனை வருடமாக உயிரியல் சொல்லிக்கொடுக்கும் நான், சரியென்றேன்! இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அண்ணி ரயிலேறி வந்தார். வந்ததும் வாசல் கிரில்லில் வேப்பிலையைச் செருகினார். அடுத்து என் சமையல் அலமாரியைத் தலைகீழாக அடுக்கினார். பப்பாளி இலையை அரைத்துக்கொண்டே ஓயாமல் பேசினார். தெம்பிருந்தால் கத்தியிருப்பேன். உண்மையைச் சொல்வதென்றால், எனக்கு அவரை அவ்வளவாகப் பிடிக்காது.

காய்ச்சல் ஏற ஏற அறை மெதுவாக மிதக்கத் தொடங்கியது. கண்ணுக்குப் பின்னால் வலி. எலும்புகளை யாரோ ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பது போலிருந்தது. ஜன்னலுக்கு வெளியே கொசுப்புகை அடித்தார்கள். வெள்ளைப் புகை மாடி மாடியாக ஏறி வந்து, என் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனது. வகுப்பில் நான் சொல்லும் பாடம் எனக்கே கேட்டது. வைரஸுக்குக் கையில்லை, வாயில்லை. அதனிடம் இருப்பதெல்லாம், ஓர் உறைக்குள் மடித்த செய்முறைக் குறிப்பு மட்டும். உயிரணு கதவைத் திறந்து அதை உள்ளே விடுகிறது. குறிப்பைத் தன்னுடையது என்றே நம்பி, அதைப் போலவே ஆயிரமாயிரம் செய்து தள்ளுகிறது. ஐயோ பாவம், எவ்வளவு கடமையுணர்ச்சி! இந்தச் சூடு கூட வைரஸ் மூட்டியதல்ல. என் உடம்பே சண்டைக்கு மூட்டிய அடுப்பு. இதையெல்லாம் நான் யாருக்கோ விளக்கிக்கொண்டே மிதந்தேன். கீழே எங்கோ அண்ணி கிள்ளான் பாசாரில் மீன்காரரோடு போட்ட சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் ஒவ்வொரு முறையும் கட்டிலுக்குத் திரும்பினேன்.

தினமும் கிளினிக்கில் ரத்தம் பார்த்தார்கள். ஒரு வாரத்தில் எனக்கு உடம்பு தேறியது. நான் எழுந்து நின்ற அன்று அண்ணி படுத்தார்.

"வெறும் அலுப்புலா. எனக்குத்தான் ஏற்கனவே வந்துடுச்சே," என்றார். கிளினிக்குக் கூப்பிட்டேன், வர மாட்டேன் என்றார். நானும் வற்புறுத்தவில்லை.

மூன்று நாள் கொதித்தது. நான்காம் நாள் காலை நெற்றி குளிர்ந்திருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். அவருக்குக் குணமானதில் பாதி, இனி என் வீடு அமைதியாகும் என்பதில் பாதி. அண்ணி துணிமணிகளைப் பையில் வைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். "வயித்த என்னமோ பண்ணுதும்மா," என்றார். கையைத் தொட்டேன். ஐஸ் போல இருந்தது.

மருத்துவமனையில் இளம் டாக்டர் ஒருத்தி முதலில் கேட்டது இதைத்தான். "ஆன்டிக்கு முன்னாடி டிங்கி வந்திருக்கா?"

"வந்திருக்கு. அதனாலதான் இவங்களை வரச் சொன்னோம்," என்றேன்.

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள். டிங்கியில் நான்கு வகை. முதல் வகையோடு போராடிய எதிர்ப்பொருள்கள் பல வருடம் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். கொசு வேறு வகையைக் கொண்டுவந்தால் பழைய ஆள்தான் என்று நினைத்து ஒட்டிக்கொள்ளும். ஆனால் அடக்க முடியாது. ஒட்டியதைப் பார்த்து, கிருமியை விழுங்கி அழிக்க வேண்டிய வெள்ளை அணுக்கள் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே போன வைரஸ் அங்கேயே பெருகும். ரத்தக்குழாய்கள் கசியத் தொடங்கும். காய்ச்சல் விட்ட நேரம்தான் ஆபத்தான நேரம்.

காவலாளியே திருடனைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போகிறான். எனக்குத் தெரியாத பாடமா இது? எங்கேயோ படித்ததுதான். தேர்வுக்கு வராது என்று பக்கத்தைப் புரட்டியிருந்தேன்.

இரண்டு நாள் அண்ணி பிழைப்பாரா என்று யாரும் சொல்லவில்லை. சொட்டுச் சொட்டாக நீர் இறங்கியது. மணிக்கொரு தரம் ரத்தஅழுத்தம் பார்த்தார்கள். அண்ணன் தாழ்வாரத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். நான் அண்ணியின் வெளுத்த விரல்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். பகலா இரவா என்று தெரியவில்லை. இந்த முறை காய்ச்சல் இல்லாமலே மிதந்தேன்.

மூன்றாம் நாள் கைகளில் சூடு திரும்பியது. மதியம் இரண்டு வாய் கஞ்சி குடித்தார். குற்றவுணர்வு தாங்காமல் மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டேன். "எங்களுக்குத் தெரியாம போச்சு அண்ணி. ரெண்டாவது தடவைதான் மோசமாம்."

"எனக்குத் தெரியும்மா," என்றார். "மொத தடவ வார்டுல கிடந்தப்பவே நர்ஸ் சொன்னாங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தெரிஞ்சா ஏன் வந்தீங்க? உங்களுக்குப் பைத்தியமா?"

அண்ணி என்னை விசித்திரமாகப் பார்த்தார். "நான் வரலன்னா வேற யாரு வருவா உனக்கு?"

குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே கேட்டார். பதில் சொல்லத்தான் வாயெடுத்தேன். ஒரு பேரும் வரவில்லை. கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு ஓவென்று அழுதேன்.