ரப்பர் உடைக்குள் ஆட்டுச் சூப்பு

மலேசியாவின் பத்து காஜா ஊரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஜுபைருக்கு இரண்டு பைத்தியங்கள். ஒன்று, கைவிடப்பட்ட ஈயச் சுரங்கக் குளத்தில் முக்குளிப்பது. இன்னொன்று, தன் ஆட்டுச் சூப்பு. "அத ரெண்டாந்தரம் யாரு கேட்டா?" என்பாள் மனைவி நஜ்லா.

வெயில் மண்டையைப் பிளந்தாலும் அந்தக் குளத்தின் அடியில் தண்ணீர் ஐஸ்தான். அதனால் முக்குளிப்பவர்கள் இறங்குமுன் ரப்பர் உடைக்குள் வெந்நீர் ஊற்றிக்கொள்வார்கள். காலமெல்லாம் அடுப்படியில் நின்ற ஜுபைருக்குத் தெரியாதா? வெந்நீர் சட்டென்று ஆறிவிடும். கொழுப்பு மிதக்கும் சூப்புதான் சூட்டை விடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கை பொறுக்கும் சூட்டில் ஒரு பிளாஸ்க் சூப்பை வடிகட்டிக் கழுத்து வழியாகக் கவிழ்த்துக்கொண்டு இறங்கினார்.

அடியிலேயே சூப்பு ஆறிப்போனது. நடுங்கிக்கொண்டே கரையேற வந்தால், மணம் பிடித்த நான்கு தெருநாய்கள் நாக்கைத் தொங்கப்போட்டு நின்றன. ஜுபைர் கழுத்தளவுத் தண்ணீரிலேயே நின்றுவிட்டார்.

"ஏறி வாங்கண்ணே, ஒதடு நீலமாயிருச்சு!" என்று கரையிலிருந்து கத்தினான் கூட்டாளி தர்மா.

"நாயி நக்கிட்டா எங்க மார்க்கத்துல ஏழு தடவ கழுவணும்லா, அதுல ஒரு தடவ மண்ணு போட்டு! வெரட்டுடா!"

தர்மா கல்லெறிந்தான். நாய்கள் அசையவில்லை. பின்னாலிருந்து இன்னும் இரண்டு வந்து சேர்ந்துகொண்டன.

பல் தந்தியடிக்கும் ஜுபைரின் முகத்தில் மெல்ல ஒரு பூரிப்பு பரவியது.

"தர்மா, போன எடுத்து வீடியோ புடி. என் சூப்புக்கு எம்புட்டுக் கூட்டம் நிக்குதுன்னு நஜ்லா பாக்கட்டும்."