திண்டிவனத்தில் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம்

தவக்காலத்தின் கடைசிச் சனிக்கிழமை, காலை எட்டு நாற்பதுக்கு விழுப்புரத்தில் சென்னைப் பேருந்து ஏறினேன். மடியில் இரண்டரை வயது ஜெனி. திண்டிவனம் நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு மணி நேரம் போதும். எட்டு மாதமாக என்னால் போக முடியாத ஊர்.

அங்கே இருப்பவர் ரோசி அண்ணி. என் கணவரின் அக்கா, ஜெனியின் ஞானத்தாய். ஞானஸ்நானத்தன்று குழந்தைக்குப் பதிலாக, "பாவத்தை விட்டுவிடுகிறேன்" என்று கோவிலில் சொன்னவர். போன ஜூலையில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது ஒரு காலை வெந்நீர் காய வைத்தார். வாளியைத் தூக்கிப்போன நான், போன் அடித்ததும் அதை நடையிலேயே வைத்துவிட்டு உள்ளே போனேன். ஜெனி இழுத்துவிட்டாள். வலது கால் வெந்துபோனது.

"ரோசி, நீதானடி வெந்நீர் வெச்ச? கண்ண எங்க வெச்சிருந்த?" என்று மாமியார் கத்தினார்.

அண்ணி என்னை ஒரு முறை பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அவரும் திறக்கவில்லை. குழந்தை மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய அன்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இந்தப் புதன்கிழமைதான் கோவிலில் பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் இதைச் சொன்னேன். அவர் கொடுத்த அபராதம் மூன்று 'அருள்நிறை மரியே' ஜெபம். இவ்வளவுதானா என்று பயமாக இருந்தது. அவர் மேலும் சொன்னார்: "ஆண்டவர் மன்னிச்சிட்டார்மா. கெட்டுப்போன அவங்க பேர யாரு திருப்பித் தர்றது?"

கண்ணை மூடி ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். "டிக்கெட் வாங்கிட்டு அப்புறம் ஜெபம் பண்ணும்மா, சாமி எங்கியும் போவாது" என்றார் நடத்துநர். முப்பத்தைந்து ரூபாய்.

ஒன்பது மணிக்கு முண்டியம்பாக்கம். ஜெனியைப் பன்னிரண்டு நாள் வைத்திருந்த மருத்துவமனை ஜன்னலில் கடந்துபோனது. பக்கத்து இருக்கை அம்மாள் மல்லாட்டைக் கடலைப் பையை நகர்த்தி வைத்துவிட்டுத் தழும்பைப் பார்த்தார்.

"கொழந்த கால்ல இன்னாம்மா?"

"வெந்நீருங்க."

"அய்யோ! யாரு பாக்காம உட்டது?"

"வீட்டுல ஒருத்தருங்க" என்றேன். அறிக்கையிடப் போகிற வழியிலும் அதே பொய்.

கூட்டேரிப்பட்டில் பேருந்து நின்றபோது இறங்கித் திரும்பிவிடலாமா என்று எழுந்தே விட்டேன். சிலுவையில் எல்லாவற்றுக்கும் பரிகாரம் ஆகிவிட்டதென்றால், போனால்தான் தீரும் என்று நினைப்பது அவிசுவாசமா? அல்லது இந்தக் கேள்வியே போகாமலிருக்க நான் தேடும் சாக்கா? தெரியவில்லை. ஜெனி தண்ணீர் கேட்டாள். உட்கார்ந்தேன்.

ஒன்பது நாற்பதுக்குத் திண்டிவனம் மேம்பாலத்தருகே இறக்கிவிட்டார்கள். ஆட்டோவுக்கு அறுபது ரூபாய்.

அண்ணி தையல் இயந்திரத்தின் முன் இருந்தார். "செருப்ப உள்ள எடுத்தாந்து உடு. நாய் தூக்கிக்கினு பூடும்" என்றார், நேற்றுப் பார்த்தவர்போல. ஜெனிக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. என் பின்னால் ஒளிந்தாள். அண்ணி நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

நான் உட்காரவில்லை. "அண்ணி, அந்த வாளிய நான்தான் நடையில வெச்சேன்."

"தெரியும். பாத்தேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"கொழந்த கத்திக்கினு கீது. உன் மூஞ்சில உசுரே இல்ல. உன்னால தாங்க முடியாது, நான் தாங்கிப்பேன்னு நெனச்சேன்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "ரெண்டு நாள்ல நீயே சொல்லிடுவன்னும் நெனச்சேன், சுகந்தி. எட்டு மாசம் ஆக்கிட்ட. கிறிஸ்துமஸுக்குக்கூட எங்கம்மா கூப்புடல."

அலமாரியிலிருந்து ஒரு சிவப்பு கவுனை எடுத்து ஜெனியின் முதுகில் வைத்துப் பார்த்தார். கிறிஸ்துமஸுக்குத் தைத்தது. தோளில் இரண்டு விரற்கடை பற்றவில்லை. நான் அழுதுவிட்டேன்.

"சொல்லிட்ட இல்ல, உட்டுடு. அம்மாக்குத் தெரிய வாணாம், உன்ன பேஜார் பண்ணிடுவாங்க. நான் வாங்கிக்கினது வாங்கிக்கினதாவே இருக்கட்டும்."

எனக்கு வந்தது நிம்மதி. அந்த நிம்மதிதான் என்னை வெட்கப்படுத்தியது. போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மாமியாரிடம் அதே வாக்கியத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் இணைப்பு அறுந்தது.

அண்ணி கவுனை மடித்துப் பையில் போட்டார். "கிளம்பு ஜல்தி. தனியாப் போயி மாட்டிக்காத. நானும் வர்றேன்."

பன்னிரண்டு இருபதுக்குத் திரும்பும் பேருந்து கிடைத்தது. யாரோ ஒருவர் நம் பாவத்தைச் சுமந்தார் என்று ஞானோபதேச வகுப்பிலிருந்தே கேட்டு வந்திருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. சுமந்தவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று, அந்த மடங்கிய கையைப் பார்த்த பிறகுதான் யோசிக்கிறேன். பிஸ்கட் கொடுத்துப் பழகியபின் ஜெனி அண்ணி மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

விக்கிரவாண்டியில் போன் அடித்தது. மாமியார்.

"ரோசி கூட வராளா?"

"வராங்க அத்தை."

"அவளுக்கும் சேத்து உலை வெக்கறேன்" என்றார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வீட்டுக்கு இன்னும் பதின்மூன்று கிலோமீட்டர் இருந்தது.