குங்குமம் அப்பிய மாட்யூல்

மதுரைவீரன் அண்ணன் பத்தாவதில் தவறியவர். அரியலூர்ப் பக்கம் எங்கள் சிமெண்ட் ஆலையில் கண்ணாடி இழைக் கேபிள் புதைக்கப் பள்ளம் வெட்ட வந்து, ஏழு வருடமாக ஒப்பந்தக் கூலியாகவே இருந்தார். கேபிளில் வரும் வெளிச்சத்தைக் கணினிக்குரிய சமிக்ஞையாக மாற்றும் விரல் நீள மாட்யூலை, கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச் ஓடும்போதே உருவி வேறொன்றைச் செருகுவார். இன்ஜினியர்கள் பயந்து மொத்தச் சுவிட்சையும் அணைப்பார்கள்.

2006 ஆயுத பூஜைக்கு உபரி மாட்யூல்கள் இரண்டையும் சாமி முன் வைத்தோம். மேலாளர் தர்மராஜ் அவற்றின் ரப்பர் மூடிகளைக் கழற்றினார்.

"மூடாம வச்சா உள்ள தூசி போயிரும் சார்" என்றார் அண்ணன்.

"சந்தனமும் குங்குமமும் உனக்குத் தூசியாய்யா?"

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். ஒளி எப்படிப் பயணிக்கும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவன். தர்மராஜ் இரண்டிலும் வெளிச்சம் நுழையும் வாயிலேயே பொட்டு வைத்தார்.

மறுவாரம் எடைமேடைக் கணினியின் இணைப்பு அறுந்தது. லாரிகள் வரிசை கட்டின. அண்ணன் உபரி மாட்யூலைச் செருகினார், விளக்கு எரியவில்லை. இரண்டாவதும் அப்படியே. விருந்தினர் மாளிகை இணைப்பிலிருந்த மாட்யூலை உருவி இங்கே செருகினார். பச்சை விளக்கு எரிந்தது.

மாலையில் தர்மராஜ் சொல்லச் சொல்ல, ஆங்கிலத்தில் அறிக்கை தட்டினேன்: உபரிகள் கெட்டது ஒப்பந்தக் கூலியின் அலட்சியத்தால், அவரது கேட் பாஸை ரத்து செய்யலாம்.

"என்ன தம்பி எழுதியிருக்கு?" என்று அண்ணன் கேட்டார். படித்துச் சொன்னேன்.

"நீங்கதான் அடிச்சீங்களா?"

"ஆமாண்ணே."

காகிதத்தில் சுற்றிய மாட்யூலை நீட்டினார். "பொட்டத் தொடைக்கல. பெரிய ஆபீசர்கிட்ட இதக் காட்டுங்க சார்."

அதுவரை தம்பி. அப்போது சார்.

பெரிய அதிகாரியின் கதவுவரை போனேன். உள்ளே போகவில்லை. நானும் ஒப்பந்தம்தானே என்று எனக்கே சமாதானம் சொன்னேன். மறுநாள் அண்ணனைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆலைக்குப் பள்ளம் வெட்டியவரை வெளியே தள்ள நான் தட்டிய ஒரு தாள் போதுமாயிருந்தது. படிப்பு என்னை இதற்கா ஆளாக்கியது?

பத்து நாளில் அடுத்த மாட்யூல் செத்தது. சுவிட்சை அணைத்தார்கள், எடைமேடையும் அலுவலகமும் நின்றன. பெரிய அதிகாரியே வந்துவிட்டார்.

"அந்தாளு அணைக்காம எப்படிய்யா மாத்துவான்?" என்று தர்மராஜ் என்னைக் கேட்டார்.

அண்ணன் தந்த காகிதத்தைப் பிரித்து, மாட்யூலைப் பெரிய அதிகாரி முன் வைத்தேன்.

"இதுல பொட்டு வச்சது யாருன்னு மேனேஜரையே கேளுங்க சார். நான் அடிச்ச அறிக்கை பொய்."