ஆமை முட்டைச் சாராயம்

சாராயத்தில் அடித்துக் கலக்கிய ஆமை முட்டையின் வாடையை நீங்கள் முகர்ந்திருக்க வாய்ப்பில்லை, கொடுத்துவைத்தவர்கள். சேற்று மீனின் கவிச்சியும் சீனிப்பாகும் சாதிக்காயும் ஒன்றாக மூக்கில் ஏறி, தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டு, இறங்கவும் இறங்காது, வெளியே வரவும் வராது. இத்தனை வருஷம் கழித்து எழுத உட்கார்ந்தாலும் எனக்குக் குமட்டிக்கொண்டுதான் வருகிறது.

பழவேற்காட்டுக் கோட்டை ஒல்லாந்துக்காரர்கள் கையில் இருந்த காலம் அது. அங்கே ஒரு துரையின் வீட்டுக் "குசினி"யில் என் அம்மா சமையல் வேலை பார்த்தாள். நான் கூடப் போய்ப் பாத்திரம் தேய்ப்பேன். பங்குனி வெயில் ஏறும் நாட்களில் அவர்களுக்கு ஈஸ்டர் வரும். எங்கள் மீனவக் குப்பத்தில் அதற்கு "முட்டைப் பண்டிகை" என்று பெயர். அந்தப் பண்டிகைக்கென்று ஒவ்வொரு துரைசானியும் வேறெந்த வீட்டிலும் இல்லாத ஒரு பலகாரத்தையும் ஒரு பானத்தையும் புதிதாகக் கண்டுபிடித்தாக வேண்டும். அதைப் பண்டிகை நாட்களில் மட்டுமே வைக்க வேண்டும். பண்டிகை முடிந்ததும் மிச்சத்தை ஏரியில் கொட்டிவிட வேண்டும். பசித்தவர்கள் ஊரைச் சுற்றி எத்தனை பேர் இருந்தாலும் கொட்டத்தான் வேண்டும், ஏனென்றால் நாளைக்குக் கேட்டால் கிடைக்காது என்பதில்தான் அதன் மதிப்பே இருந்தது. முந்தின வருஷம் எதிர்வீட்டுத் துரைசானி, பனங்கள்ளில் ஊறி நொதநொதத்துப்போன ரொட்டியில் கிராம்பைக் குத்திவைத்துப் பெயர் வாங்கிவிட்டாள். எங்கள் துரைசானிக்கு வயிறு எரிந்தது. ஆகவே அந்த வருஷம், நெசவாளர்கள் துணிக்குப் போடும் சாயவேரில் சிவப்பேற்றிய அவித்த முட்டைகளும், முட்டையைச் சீனியோடு சாராயத்தில் அடித்த பானமும் வைப்பதென்று முடிவுசெய்தாள்.

அப்போது என் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்தார். கூடையிலிருந்த மீனைப் பிடுங்கிய காவல்காரனைக் கைநீட்டி அடித்ததுதான் அவர் செய்த குற்றம். கடல் கடந்த பத்தாவியாவுக்கு அடிமைகளாக அனுப்பப்படுகிறவர்களை வைத்திருக்கும் கிடங்கில் அவரையும் தள்ளியிருந்தார்கள். அந்தக் கப்பல் முகத்துவாரத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது. அதில் போனவர் திரும்பி வந்ததாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை. அம்மா துரைசானியின் காலில் விழுந்தாள். பண்டிகைப் பானம் நன்றாக அமைந்தால் துரையிடம் சொல்லி அவரை விடுவிப்பதாகத் துரைசானி வாக்குக் கொடுத்தாள். ஒரு மனிதனின் உயிரையும் ஒரு கோப்பைச் சாராயத்தையும் ஒரே வாயால் பேரம் பேசிவிட்டு, விரலை விட்டுப் பாகின் பதத்தை ருசி பார்த்த அந்த முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பண்டிகை நெருங்கும்போது கோழிகளுக்குச் சீக்கு வந்தது. ஊரில் ஒரு கோழி மிஞ்சவில்லை. முட்டைக்கு எங்கே போவது? கடற்கரையில் ஆமைகள் முட்டையிட்டுப் போகும் பருவம் மட்டும் முடியாமல் இருந்தது. ஆனால் எங்கள் குப்பத்தில் ஆமை வலையில் சிக்கினால் முதுகில் மஞ்சள் பூசிக் கடலில் விட்டுவிடுவார்கள். ஆமைக்குழியைத் தோண்டியவர் வலையைத் தொடக்கூடாது என்பது கட்டுப்பாடு.

"அத்தத் தோண்டின கையால வலையத் தொட முடியாதுமே. அப்பறம் இன்னாத்த சாப்புடறது?" என்றார் நைனா, என் அப்பா.

"ஆமை முட்ட கடலுக்குச் சொந்தம்னு சொல்ற. எங்கண்ணன் கப்பல் ஏறிட்டா அது யாருக்குய்யா சொந்தம்?" என்றாள் அம்மா.

 மறுநாள் விடிந்ததும் நைனா கூடையை எடுத்துக்கொண்டு போனார். ஆமை ஊர்ந்து போன தடத்தைப் பார்த்துப் பார்த்துக் குழிகளைத் தோண்டி, கூடை நிறையக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நேராகக் குப்பத்துப் பெரியவர்களிடம் போய்த் தானே விஷயத்தைச் சொன்னார். அந்தப் பருவம் முழுக்க அவர் வலையைத் தொடவில்லை.

ஆமை முட்டையை அவித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மஞ்சள் கரு இறுகும், வெள்ளைக் கரு இறுகவே இறுகாது. எங்களுக்கு அது தெரியாது. தொடாத பொருளைப் பற்றி என்ன தெரியும்? அம்மா விறகைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். தோல்போல வளையும் அதன் ஓடு சிவப்புச் சாயத்தை அங்கங்கே திட்டுத்திட்டாகக் குடித்தது. உள்ளே வெள்ளை, சளிபோலவே கிடந்தது. துரைசானி ஒன்றைப் பிய்த்துப் பார்த்து, முந்தானை இல்லாத குறையாகக் கவுனைத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, அவித்த முட்டையே வேண்டாம், எல்லாவற்றையும் பானத்திலேயே போடு என்றாள். அவளே வாயைப் பொத்திய பொருள் விருந்தாளிகள் வாய்க்குப் போகலாமாம்! மிச்சமிருந்த பச்சை முட்டைகளை உடைத்து நானும் அம்மாவும் துணியில் போட்டுப் பிழிந்தோம். விரலுக்கு விரல் நூலாக இழுத்தது. கவிச்சி தெரியாமலிருக்க அம்மா சாதிக்காயைத் தேய்த்துத் தேய்த்துக் கொட்டினாள்.

குடித்தார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு துரையாவது முகத்தைச் சுளித்திருந்தால் மனிதர்கள் என்று நம்பியிருப்பேன். கோப்பையின் விளிம்பை நக்கினார்கள், மீசையில் ஒட்டிய நுரையை நாக்கால் வழித்தார்கள், இன்னும் கேட்டார்கள். எதிர்வீட்டுத் துரைசானி செய்முறை கேட்டுக் கெஞ்சினாள்.

அன்று சாயங்காலம் மாமா வீட்டுக்கு வந்தார். அம்மா அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். நைனா அவருக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தார். அக்கம்பக்கம் எல்லாம் கூடிவிட்டது. சோறு போட்டும் மாமா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"துன்னுண்ணா, இன்னாத்துக்கு இப்டி கீற?" என்றாள் அம்மா.

"என்னை வெளிய உட்டதும் கப்பலுக்கு ஆள் கொறையுதுன்னானுங்கோ. வாசல்ல வைக்கல் விக்க வந்திருந்தான் ஒருத்தன், திருப்பாலைவனத்துப் பக்கம்னு நெனைக்கிறேன். அவனப் புடிச்சு உள்ள தள்ளிட்டானுங்கோ. நான் பாத்துக்கினே வந்தேன்."

 அம்மா எழுந்து போய்க் கையைக் கழுவினாள்; மண்ணைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

கப்பல் போன பிறகு அம்மா ஒரு நாள் திருப்பாலைவனத்துக்கு நடந்து போனாள், அந்த மனிதரின் வீடு எது என்று விசாரிக்க. என்னையும் அழைத்துப் போனாள். ஊர்க்கிணற்றடியில் பெண்கள் நின்றிருந்தார்கள். எங்களைப் பார்த்து என்ன வேண்டும் என்று கேட்டார்கள். குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்று சொல்லி, வாங்கிக் குடித்துவிட்டு, அம்மா அப்படியே திரும்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் அந்தப் பானத்துக்காகத் துரைமார்கள் ஆள் விட்டுக் கரையைத் தோண்டிக் கூடை கூடையாக முட்டை எடுத்தார்கள். இப்போது ஒல்லாந்துக்காரர்கள் இல்லை. கோட்டை இடிந்து செங்கல் மேடாகிவிட்டது. முட்டைச் சாராயம் என்றால் இன்றைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அந்தக் கரையில் ஆமைத் தடத்தைப் பார்த்தே வெகுகாலமாகிறது. மாமா பேரன் பேத்தி எடுத்து, எங்கள் எல்லோர் மடியிலும் தலைவைத்து, நிறைந்த வயதில் போய்ச் சேர்ந்தார். வருஷா வருஷம் அவர் பெயரைச் சொல்லிப் படையல் போடுகிறோம். அவருக்குப் பதிலாகக் கப்பல் ஏறியவருக்கும் ஓர் இலை போட வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை, ஆனால் எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது?