பேய்க்கதை எழுதியவர் வீட்டை விசாரித்தது

நாவலின் பெயரையும் அதை எழுதியவரின் பெயரையும் நான் சொல்லப் போவதில்லை. சொல்ல வேண்டாம் என்று அந்தக் குடும்பத்தார் கேட்டுக்கொண்டார்கள்.

அது ஒரு பழைய பேய் நாவல். வெள்ளாற்றங்கரையில் பாழடைந்த ஒரு ஜமீன் பங்களா. அதற்கு மருமகளாக ஒரு பெண் வருகிறாள். மாமனார் சாப்பிட உட்காரும்போதெல்லாம் பக்கத்தில் இன்னொரு இலை போடச் சொல்கிறார். அந்த இலைக்கு முன்னால் யாரும் உட்காருவதில்லை. ஆனால் பரிமாறியது குறைகிறது. முதல் தடவை படித்த பிறகு சில நாட்கள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் மறுபடியும் எடுத்துப் படித்தேன். விருத்தாசலம் கிளை நூலகத்தில் அட்டை கிழிந்த பிரதி ஒன்றுதான் இருந்தது. என்னைத் தவிர அதை யாரும் எடுப்பதில்லை.

நூலகர் இதைக் கவனித்திருக்கிறார். வாசகர் வட்டக் கூட்டத்தில் நம் பக்கத்து எழுத்தாளர் ஒருவரைப் பற்றி மாதம் ஒருவர் பேச வேண்டும் என்று அவர் ஏற்பாடு செய்திருந்தார். இந்த நாவலையும் இதை எழுதியவரின் வாழ்க்கையையும் பற்றி நான் பேச வேண்டும் என்றார். நான் பத்தாவது வரை படித்தவன். பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய பொம்மைக் கம்பெனியில் களிமண் கூழை அச்சில் ஊற்றிக் காயவைக்கும் வேலை. அதில் பேச்சு தேவைப்படாது. அந்த வேலையில் நான் நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். முடியாது என்று சொல்வதற்கும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கும் என்பதால் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

நாவலைப் பற்றிப் பேச எனக்கு விஷயம் இருந்தது. எழுதியவரைப் பற்றித்தான் ஒன்றும் தெரியாது. ஸ்ரீமுஷ்ணத்துக்காரர், தாலுகா ஆபீசில் குமாஸ்தா, எழுதியது இந்த ஒரு நாவல்தான். கதையை எழுதி முடித்ததும் அவருக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று பதிப்பகத்தார் முன்னுரையில் ஒரு வரி போட்டிருந்தார்கள். அது உண்மையா என்று தெரிந்துகொள்ளாமல் மேடையில் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீமுஷ்ணம் பஸ் ஏறினேன். செல்போன் ஊரில் ஒரு சிலர் கையில் மட்டும் இருந்த காலம். எதுவாக இருந்தாலும் நேரில் போய்த்தான் கேட்க வேண்டும்.

கோயிலுக்குப் பின்னால் இருந்த ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். முன்பின் தெரியாத ஊரில் ஒரு குடும்பத்தைப் பற்றி எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியாது. என் தங்கைக்கு மாப்பிள்ளை விசாரிக்கப் போனபோது சித்தப்பா கேட்டதுதான் ஞாபகம் வந்தது. அதையே கேட்டேன். அந்த வீட்டுக்காரர்கள் எப்படி, நல்ல குடும்பமா என்று.

டீக்கடைக்காரர் பால் ஆற்றுவதை நிறுத்தினார். எந்த ஊரிலிருந்து வருகிறேன், பையன் என்ன செய்கிறான் என்று கேட்டார். பையன் யாரும் இல்லை, ஒரு புத்தக விஷயமாக வந்தேன் என்றேன்.

"அது சரிங்க," என்றார். "போன வாரம் வந்தவங்க மாடு வாங்க வந்தோம்னாங்க."

பெண் விசாரிக்க வருகிறவர்கள் அதை வெளியில் சொல்வதில்லை. நிலம் பார்க்க வந்தோம், கோயிலுக்கு வந்தோம் என்பார்கள். கேட்கிறவர்களும் நம்பியது போலவே பதில் சொல்வார்கள். இது எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் என் வாயிலிருந்து உண்மை வந்தால் அதுவும் அப்படித்தான் கேட்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. மறுக்க மறுக்க நான் பெரிய இடமாகிக்கொண்டே போனேன். இரண்டாவது டீயில் சர்க்கரை தூக்கலாக இருந்தது.

எழுதியவருக்கு ஒரு பேத்தி இருக்கிறாள் என்பது அப்படித்தான் தெரிந்தது. பி.எஸ்சி., பி.எட்., தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர், முப்பது வயதைத் தாண்டிவிட்டது. அதிர்ந்து பேச மாட்டாள், மீன் குழம்பு நன்றாக வைப்பாள். அவளுடைய தாத்தாவைப் பற்றிக் கேட்டேன். தங்கமான மனுஷன் என்றார். தங்கமான மனுஷனை வைத்துக்கொண்டு கூட்டத்தில் ஒரு நிமிடம்கூடப் பேச முடியாது.

அடுத்த ஞாயிறும் போனேன், அதற்கடுத்த ஞாயிறும் போனேன். எல்லோரும் ஒரே மாதிரி பேசினார்கள். ஒரு சம்பந்தம் கைகூடும் நேரத்தில் அந்த வீட்டைப் பற்றித் தப்பாக ஒரு சொல் சொல்லிவிட்டால், அந்தப் பாவம் சொன்னவனை விடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் உள்ள நினைப்பு. அந்த வீட்டுக்கு எதிரில் ஒரு தையல்காரர் கடை வைத்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, "பைத்தியம் கிய்த்தியம்லாம் அவங்க வம்சத்துலயே கிடையாதுங்க, எவனாவது சொன்னா நம்பாதீங்க," என்றார். நான் அதைப் பற்றி எதுவும் விசாரித்திருக்கவே இல்லை. விஷயம் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

அன்றைக்கு அந்த வீட்டிலிருந்தே கூப்பிட்டார்கள். எழுதியவரின் மகன், ரிட்டையரானவர், வாசலுக்கு வந்து கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார். கேசரியும் பஜ்ஜியும் தயாராக இருந்தன. புத்தக விஷயம் என்று அவரிடமும் சொன்னேன். முதலில் சாப்பிடுங்கள் என்றார். சாப்பிட்டேன். அவர் காபி சொல்ல உள்ளே போனபோது அந்தப் பெண் வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"யாருக்குங்க பாக்குறீங்க?"

வாசகர் வட்டத்தில் பேசுவதற்கு என்றேன். நாவலில் வருகிற இலை, மேற்கு அறை, எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது, நிறுத்தாமல் சொன்னேன். அவள் கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, "நெஜமாவே புஸ்தகத்துக்குத்தான் வந்திருக்கீங்க," என்றாள். ஸ்ரீமுஷ்ணத்தில் என்னை நம்பிய முதல் ஆள் அவள்தான். எனக்குக் கேசரி கிளற வீட்டில் இரண்டு பேர் அலைந்ததை நினைத்தோ என்னவோ கொஞ்சம் சிரித்தாள்.

பிறகு அவளே சொன்னாள். அந்த முன்னுரை வரியால் ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. பைத்தியம் பரம்பரையாக வரும் என்று பயந்துவிட்டார்கள். தாத்தா எழுதும்போது ஒவ்வொரு ஆள் பேச்சையும் அந்தந்தக் குரலிலேயே வாய்விட்டுச் சொல்லித்தான் எழுதுவாராம், பெண் குரல் உட்பட. தெருவில் போகிறவர்கள் அதைக் கேட்டிருக்கிறார்கள். ஒரு தடவை ஆற்றைப் பார்த்து எழுத வேண்டும் என்று சேத்தியாத்தோப்புப் பாலத்தில் நெடுநேரம் நின்றிருக்கிறார். குதிக்கப்போகிறார் என்று யாரோ பிடித்துக்கொண்டு வந்து வீட்டில் விட்டிருக்கிறார்கள். கடைசியில் அவர் இறந்தது மஞ்சள் காமாலையில். புத்தகம் விற்பதற்காக அந்த வரியைப் பதிப்பகத்தார் சேர்த்தார்கள். இது அப்பா சொன்னது என்றாள்.

"இப்ப பெண்ணாடத்துலேருந்து ஒரு எடம் வந்திருக்குது. சர்க்கரை ஆலையில வேலை. எனக்கும் புடிச்சிருக்குது. இதுவும் போச்சுன்னா அப்பா இனிமே தேட மாட்டாருங்க."

என்ன பேசினாலும் பெயரைச் சொல்லாமல் பேசும்படி கேட்டுக்கொண்டாள். தலையை ஆட்டினேன்.

வெளியே வந்து யோசித்தேன். பைத்தியம் என்பதற்கு ஆதாரம் ஒரு முன்னுரை. புத்தகத்தை விற்றவர்கள் எழுதியது. பைத்தியம் இல்லை என்பதற்கு ஆதாரம் ஒரு மகன். பெண்ணைக் கட்டிக்கொடுக்க வேண்டியவர். என் ஆராய்ச்சி இந்த இடத்தில் நின்றது.

பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் டீக்கடைக்குப் போனேன். வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவரும் கூட இன்னொருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணாடம். கரும்பு வெட்டுக்கு ஆள் தேடி வந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "இதோ, இவரும் அந்த வூட்டுக்குத்தான் வாராவாரம் வராரு. இப்பகூட உள்ள போயி சாப்புட்டுட்டுத்தான் வராரு. இவரையே கேளுங்க," என்றார்.

பெரியவர் நகர்ந்து இடம் விட்டார். மாப்பிள்ளைக்கு மாமா. இப்படி ஒரு இடத்தில் இரண்டு மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் சந்தித்துக்கொள்வது வழக்கம் இல்லை. எனக்கும் ஒரு டீ சொன்னார். பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார்.

"பொண்ணோட தாத்தாவுக்குப் புத்தி பெரண்டுபோச்சாமே. நீங்க தீர விசாரிச்சீங்களா?"

தீர விசாரிக்கக்கூடியவன் என்று என்னை நினைத்தவர் அவர் ஒருவர்தான். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதுதான் சரியான பதில். ஆனால் அந்த பெஞ்சில் தெரியாது என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"மஞ்சக்காமாலைங்க," என்றேன். "கதை எழுதறப்ப வாய்விட்டுப் பேசுவாராம். அதை வெச்சி ஊர்ல சொல்லிட்டாங்க."

"அப்ப நீங்க ஏன் இன்னும் முடிவு பண்ணாம இருக்கீங்க?"

நான் சம்பந்தம் பேச வரவில்லை, புத்தகத்துக்காக வந்தேன் என்றேன். பெரியவர் கூட வந்தவரைப் பார்த்தார். அவர் டீயை வைத்துவிட்டு எழுந்தார். இரண்டு பேரும் நேராக அந்த வீட்டுப் பக்கம் நடந்தார்கள். நடை வேகமாக இருந்தது.

அன்றைக்கே தட்டு மாற்ற நாள் பார்த்துவிட்டார்களாம். வாசகர் வட்டத்தில் நான் பெயர் சொல்லாமல் பேசினேன். எப்படி இறந்தார் என்று ஒருவர் கேட்டார். மஞ்சள் காமாலை என்றேன். கூட்டத்துக்கு அது பிடிக்கவில்லை.

கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது. எங்கள் கம்பெனி பீங்கான் குதிரை ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். மாப்பிள்ளையின் மாமா என்னைத் தேடி வந்து, உங்களுக்கும் நல்ல இடமாக அமையும் என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். தாலி கட்டி முடிந்து பந்தியில் உட்கார்ந்தேன். பக்கத்து இலையில் அந்த எதிர்வீட்டுத் தையல்காரர். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே என் பக்கம் சாய்ந்தார்.

"தாலி ஏறிடுச்சி. இனிமே பாவம் இல்லீங்க. பொண்ணோட தாத்தாவப் பத்தி என்ன தெரியணும், இப்ப கேளுங்க."

எதிர் வரிசையில் பெண்ணாடத்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள் என்றேன். மெதுவாகச் சொன்னார். ரசம் வந்தது, பாயசம் வந்தது, மோர் வந்தது, அதுவரைக்கும் சொன்னார். நான் நிறுத்தச் சொல்லவில்லை.

அவர் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. அந்த டீச்சருக்கு இப்போது ஒரு பெண் குழந்தை இருக்கிறது. அதற்கும் ஒரு நாள் யாராவது டீக்கடையில் விசாரிக்க வருவார்கள்.